மாடிக்கு இருபத்திரண்டு படி

சேசு மரி சூசை

நாமகிரிப்பேட்டை
12-6-1957

அன்புள்ள அண்ணா உபகாரசாமி அவர்களுக்குத் தங்கை ஆரோக்கியம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மூத்தார் வீட்டாரும் சுகம். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? நீங்கள் கடைசியாகப் போட்ட கடிதம் பாஸ்கா பண்டிகைக்கு முந்தி வந்தது. பத்திரிகைக்குத் துணுக்கு எழுத நேரம் இருக்கிறது, கூடப் பிறந்தவளுக்கு எழுத நேரமில்லையா என்று இன்னாசிமேரி அக்கா குத்திக் காட்டுகிறாள். உங்களுக்காகப் பரிந்து பேசி எனக்கு அலுத்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பொன்னாயி ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தாள். துணியைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ஒரு விளம்பரம் இருந்தது. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மரியன்னை மணிமாலை டிப்போ என்று ஒன்று. 'வீட்டிலிருந்தபடியே கௌரவமான வருமானம்' என்று போட்டிருக்கிறது. மணியும் நூலும் சிலுவையும் அவர்கள் தருவார்களாம். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை கட்டி அனுப்பினால் டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் முன்பணம் நூற்றைம்பது ரூபாய் கட்ட வேண்டும். இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள்.

அண்ணா, அவர் கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது. அன்று முதல் அவருடைய அண்ணன் வீட்டு அடுப்பில்தான் சமைக்கிறேன். யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் குழம்புக்கு இன்னொரு கல் உப்புப் போட வேண்டுமென்றாலும் இன்னாசிமேரி அக்காவைக் கேட்டுத்தான் போடுகிறேன். கோவிலுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு வருகிறது. மாதாமாதம் நிலையாக ஏதாவது வந்தால் அங்கே தனி அடுப்பு மூட்டிக்கொள்வேன். தையலில் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்; மற்ற மாதங்களில் மிஷினுக்கு எண்ணெய் வாங்கத்தான் காணும். முன்பணம் கட்ட என்னிடம் விற்பதற்கு இருப்பதும் அவருடைய அந்தத் தையல் மிஷின் ஒன்றுதான்.

மூத்தார் சொல்கிறார்: "தாள்ல அச்சடிச்சதையெல்லாம் நம்பிப்போட்டா எப்படி ஆரோக்கியம்? சேலத்துல உங்கண்ணன் இருக்கறாருல்ல? அவரு நேர்ல போயி, கண்ணுல பாத்து எழுதட்டும். அப்பறம் மிஷினுக்கு ஆள் பாக்கலாம்."

எனவே நீங்கள் போக வேண்டும். பலகை மாட்டியிருக்கிறார்களா, என்னைப் போல வேறு பெண்கள் கட்டிக் கொடுக்கிறார்களா, கட்டின மாலையை யார் வாங்குகிறார்கள், எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக ஒன்று கேளுங்கள். வேலை கொடுக்கிறவன் வேலை செய்கிறவளிடம் எதற்குப் பணம் கேட்கிறான்? கேட்க எனக்குத் தெரிகிறது. போய்ப் பார்க்கத்தான் வழியில்லை.

தங்கை
ஆரோக்கியம்

⁂

சேசு மரி சூசை

சேலம், ஃபேர்லேண்ட்ஸ்
(பங்களா அல்ல, பங்களாவின் பின்கட்டு)
22-6-1957, சனிக்கிழமை

என் அருமைத் தங்கச்சிக்கு, உபகாரத்தைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் எழுதுவது.

உன் கட்டளைப்படி இன்று ஆபீஸ் விட்டதும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். ஆபீஸ் விட்டதும் என்றால், ஆபீஸ் என்னை விட்டதும். ஹெட்கிளார்க்குக்கு நான் எழுந்தால் நாற்காலி தனியாகப் பயப்படுமோ என்று கவலை.

டிப்போ மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி. நான் எண்ணவில்லை, என் முழங்கால் எண்ணியது. பதினோராவது படியில் கொஞ்சம் நின்றேன். கீழே வெற்றிலைக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, மேல போறீங்களா, இல்ல அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு மீதியையும் ஏறினேன்.

வாசலில் நீலப் பெயின்டில் பலகை இருக்கிறது. உள்ளே திரு இருதயப் படம், அதன் முன்னால் அணையாத விளக்கு. மானேஜர் ஒல்லியான மனிதர். மீசை மட்டும் வேறு யாருக்கோ தைத்தது போல இரண்டு அளவு பெரிது. மாப்பிள்ளை பார்க்கப் போனவன் மாதிரி விசாரித்தேன். எந்தப் பங்கு, யார் ஞானத்தகப்பன், உறுதிப்பூசுதல் எந்த வயதில் என்று ஒன்று விடவில்லை. எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். கட்டி முடித்து வருகிற ஒவ்வொரு மாலையையும் முத்தமிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறார். கோவில் மணி அடித்ததும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுத் திரிகால செபம் சொன்னார். எனக்கு நடுவில் மறந்துவிட்டது. உதட்டை மட்டும் அசைத்துச் சமாளித்தேன்.

ஜன்னலோரம் ஏழெட்டுப் பெண்கள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓமலூர்க்காரி. அவள் கைக்கும் வாய்க்கும் பந்தயம். நான் இருந்தவரை வாய்தான் முன்னால் போயிற்று. சரக்கு கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலில் போகிறதாம். முன்பணம் எதற்கு என்று உன் கேள்வியை அப்படியே போட்டேன். மணியை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்களாம். "பயப்படறது நாங்க சார், நீங்க எதுக்குப் பயப்படறீங்க?" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆகவே அற்புதராஜ் மச்சானிடம் சொல்: உங்கள் தம்பி மனைவியின் அண்ணன் கண்ணால் பார்த்தாயிற்று. சந்து முனைக் கடையில் ஒரு காபி குடித்தேன். அதை உன் பற்றில் எழுதிக்கொள்கிறேன். முதல் கூலி வந்ததும் ஒரு சேர் நாமக்கல் வெண்ணெயாக வசூல் செய்வேன்.

அண்ணிக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. என்னைத் திட்டுவதற்கு அது இடைஞ்சலாக இல்லை.

உன் அண்ணன்
உபகாரசாமி

⁂

சேசு மரி சூசை

நாமகிரிப்பேட்டை
8-7-1957

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூத்தார் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். வெற்றிலைக் கடைக்காரர் வந்த இடத்தில் இன்னாசிமேரி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாலு வருஷத்தில் அக்காவும் நானும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். "இத்தன வெவரமா எழுதற மனுசன் பாக்காமயா எழுதுவாரு?" என்று கடைசியில் மூத்தாரே சொல்லிவிட்டார்.

மிஷினை ராசிபுரத்துத் தையற்காரர் சின்னுசாமி எடுத்துக்கொண்டார். மிதிபலகையில் என் வீட்டுக்காரர் கால் வைத்து வைத்து ஓர் இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதை மட்டும் ஒரு முறை துடைத்துவிட்டு வண்டியில் ஏற்றினேன். அழவில்லை. வண்டி போகும் வரை பொன்னாயிதான் பக்கத்தில் நின்று, "சும்மா நிக்கற மிசினுக்கு ஊடு தேடிக் குடுத்துட்ட, விடு சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பணம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பெட்டி வந்துவிட்டது. மணிகள் வெள்ளை வெளேர் என்று இருக்கின்றன. ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சு. தையல் பழகின கைக்கு இது பெரிய வேலையில்லை. ஒரு நாளைக்கு நாலு மாலை கட்டுகிறேன். கோவிலுக்குப் பின்னால் அறைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்புக்கு மூன்று கல்கூடப் பார்த்து எடுத்து வைத்தாயிற்று.

இதெல்லாம் உங்கள் முழங்கால் செய்த உபகாரம். அதற்காகத் தினம் பத்து மணி செபிக்கிறேன்.

தங்கை
ஆரோக்கியம்

⁂

சேசு மரி சூசை

நாமகிரிப்பேட்டை
18-9-1957

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

முதலில் அனுப்பின நாலு டஜனும் திரும்பி வந்துவிட்டன. உள்ளே ஒரு சீட்டு: 'முடிச்சுத் தளர்வு. ஏற்பதற்கில்லை.' நான் இழுத்துப் பார்த்தேன், அக்கா இழுத்துப் பார்த்தாள், மூத்தார் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சும் அசையவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சீட்டு அச்சடித்தது அண்ணா. கையால் எழுதினதல்ல. ஊரில் உள்ள அத்தனை பேர் முடிச்சும் தளர்வு என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

ஆனாலும் நீங்கள் பார்த்துச் சொன்ன மனிதர். என் கையில்தான் குறை இருக்கும் என்று எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினேன். மீதி மணியையும் கட்டிவிட்டேன். மொத்தம் பதினாறு டஜன். மானேஜர் ஒவ்வொரு மாலையையும் முத்தமிடுகிறவர் என்று எழுதியிருந்தீர்களே. அப்படிப்பட்டவருக்கு வெறும் மணியாக அனுப்ப மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடையோடு கொண்டுபோய்ப் பங்குச்சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வந்தேன். கோவில் பெண்களுக்குத்தான் என்று அவர் நினைத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மானேஜருக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

சரக்கை அனுப்பலாமா என்று மூன்று கார்டு போட்டேன். பதிலே இல்லை. உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே. இன்னும் ஒரே ஒரு தடவை அந்த இருபத்திரண்டு படியும் ஏறிக் கேட்டு எழுதுங்கள். அறைக்காரர் வேறு ஆளுக்கு விடட்டுமா என்கிறார்.

தங்கை
ஆரோக்கியம்

⁂

சேசு மரி சூசை

சேலம்
4-10-1957

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

போயிருந்தேன். மானேஜர் ஊரில் இல்லையாம். பினாங்கு விஷயமாக மெட்ராஸ் போயிருக்கிறாராம். கப்பல்காரர்கள் விவகாரம், நம் நாமகிரிப்பேட்டை பஸ் மாதிரிதான், எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. கொஞ்சம் பொறுத்திரு. அறைக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேள்.

இங்கே உன் அண்ணி நான் தூக்கத்தில் பேசுகிறேன் என்கிறாள். விழித்திருக்கும்போது அவள் பேச விடாததால் இருக்கலாம்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

அண்ணன்
உபகாரசாமி

⁂

சேசு மரி சூசை

நாமகிரிப்பேட்டை
19-11-1957

அண்ணா அவர்களுக்கு,

போன வியாழக்கிழமை பொன்னாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு வந்தேன். பதினாறு டஜனையும் கூடையில் வைத்து எடுத்து வந்தேன். மானேஜர் மெட்ராஸில் இருந்தாலும் அந்த ஓமலூர்க்காரப் பெண்ணையாவது பார்த்துக் கேட்கலாம் என்று எண்ணம்.

விளம்பரத்தில் இருக்கிற கதவு எண்ணைக் கேட்டுக் கேட்டுப் போனோம். சந்துக்குள் நுழையும்போதே, இருபத்திரண்டு படி ஏற வேண்டுமே என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

படி இல்லை அண்ணா. மாடியே இல்லை. அது ஓட்டு வீடு. அந்தச் சந்தில் எல்லாமே ஓட்டு வீடுகள்தான். வெற்றிலைக் கடையும் இல்லை. சந்து முனையில் காபிக் கடை மட்டும் இருக்கிறது.

கதவு பூட்டியிருந்தது. காபிக் கடைக்காரர், "அவிய ஆவணியிலயே பெட்டி படுக்கையோட போயிட்டாங்கம்மா. உங்களாட்டம் தெனம் ரெண்டு பேரு கூடையோட வந்து நின்னுட்டுப் போறாங்க" என்றார். பொன்னாயி விடவில்லை. "ஏனுங்க, இந்த ஊட்டுக்கு எப்பவாச்சும் மாடி இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். பொன்னாயி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை என் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். உங்கள் கடிதத்தை நான் அவளுக்கும் படித்துக் காட்டியிருந்தேன்.

உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரக்கூடிய நேரம் இருந்தது.

மூத்தாரிடம் கம்பெனி ஓடிப்போயிற்று என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். படி விஷயத்தைச் சொல்லவில்லை. பொன்னாயியும் சொல்ல மாட்டாள்.

ஆரோக்கியம்

⁂

சேசு மரி சூசை

சேலம்
25-11-1957

ஆரோக்கியம்,

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாவத்தைச் சொல்லும்போது சாமியாருக்கு நம் முகம் தெரியாது, அதனால் எளிது. இதை உன் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் புறப்பட்டது உண்மை. சந்து முனைக் காபிக் கடை வரை போனதும் உண்மை. மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை விடட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். மழை விட்டது, ஆட்டம் விடவில்லை. இருட்டிவிட்டது. கடைசி நாள் நெருங்குகிறதே, கடிதத்தை முதலில் போட்டுவிடுவோம், திங்கட்கிழமை போய்ப் பார்ப்போம், தப்பாக இருந்தால் தந்தி அடிப்போம் என்று நினைத்தேன். அந்த மேஜையிலேயே எழுதினேன்.

எழுத எழுத நன்றாக வந்தது. அதுதான் என் பாவம். படி வந்தது, மீசை வந்தது, ஓமலூர்க்காரி வந்தாள். எழுதி முடித்து நானே படித்துச் சிரித்தேன். கூட இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். 'போய்ப் பார்த்தேன்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால் அற்புதராஜ் மச்சான் நம்பியிருக்க மாட்டார். நான் அழகாக எழுதினதால் உன் மிஷின் போயிற்று.

திங்கட்கிழமை எனக்கு ஜலதோஷம். வெறும் ஜலதோஷம். அதற்கு அப்புறம் உன் கடிதம் வந்தது, பெட்டி வந்துவிட்டது என்று. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று விட்டுவிட்டேன். உன் செப்டம்பர் கடிதம் பார்த்துத்தான் முதல் முறையாக அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். பூட்டைப் பார்த்தேன். ஓட்டைப் பார்த்தேன். மானேஜர் மெட்ராஸ் போயிருக்கிறார் என்று எழுதினதும் பொய்தான்.

ஒன்று மட்டும் செய்ய விடு. டிசம்பர் எட்டாம் தேதி இங்கே மாதா திருநாள். கோவில் வாசலில் கடை போடுவார்கள். அந்தப் பதினாறு டஜனையும் அனுப்பிவிடு. நானே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து கூவி விற்கிறேன். ஆபீஸ்காரர்கள் பார்க்கட்டும். மிஷின் விலையில் பாதியாவது தேறும்.

அண்ணன்

⁂

சேசு மரி சூசை

நாமகிரிப்பேட்டை
14-12-1957

அண்ணா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி திருநாளுக்கு அனுப்பலாம் என்றுதான் கூடையை எடுத்தேன். பங்குச்சாமியாரிடம் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மந்திரித்த மாலையை விற்கக் கூடாதாம். விற்றால் அதில் உள்ள ஆசீர்வாதம் போய்விடும், விற்கிறவளுக்கும் பாவம் என்றார். "விக்கறதுக்குன்னு முன்னாலயே சொல்லியிருந்தா நான் கையே வெச்சிருக்க மாட்டேனேம்மா" என்று அவரும் வருத்தப்பட்டார்.

மந்திரித்தது யாருக்காக என்று உங்களுக்குத் தெரியும். மாலையை முத்தமிடுகிற அந்த மானேஜருக்காக.

திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். காசு கொடுத்தவர்களிடம் வாங்கவில்லை. இப்போது இங்கே சாயங்கால செபத்துக்குப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மாலைதான். இதுவரை ஒரு முடிச்சும் தளரவில்லை.

அறை வேறு ஆளுக்குப் போயிற்று. மூன்று கல்லையும் அக்கா துணி துவைக்க எடுத்துக்கொண்டாள். நான் கார்த்திகை முதல் கிழங்கு மில்லுக்குப் போகிறேன். களத்தில் ஜவ்வரிசியைக் காயப்போட்டுத் திருப்பிவிடும் வேலை. வெயிலில் வெள்ளையாகப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறது. அதுவும் மணிதான். கட்ட வேண்டியதில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் கடிதம் வந்தால் முன்பெல்லாம் தபால்காரரை நடுத்தெருவிலேயே நிறுத்தி வாங்கிக்கொள்வேன். போன கடிதத்தை, பாவசங்கீர்த்தனம் என்று எழுதியிருந்ததைப் படிக்கும்போது, இந்த மழை பெய்திருக்குமா, இந்தச் சீட்டாட்டம் நடந்திருக்குமா, இல்லை இதுவும் எழுத எழுத நன்றாக வந்ததா என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிய பிறகு நான் என்ன செய்ய முடியும்?

இனிமேல் எனக்குக் கார்டு போடுங்கள். அதில் இடம் குறைவு. எனக்காக எதையும் போய்ப் பார்க்க வேண்டாம். என்னைக் கேட்காமல் எதையும் வாங்கவும் வேண்டாம்.

கடைசி மாலை ஒன்று மிஞ்சியது. இத்துடன் வைத்திருக்கிறேன். மந்திரித்தது.

ஆரோக்கியம்

⁂

கார்டு
சேலம், 20-1-1958

ஆரோக்கியத்துக்கு. மாலை வந்தது. தினம் சொல்கிறேன். திரிகால செபத்தையும் முழுவதும் பாடம் செய்துவிட்டேன்.

பழைய தையல் மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது. என் கைக்கடிகாரத்தைக் கொடுத்தால் சரியாக இருக்கும். கடைக்கு நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று படி. நானே உட்கார்ந்து மிதித்தேன். ஓடுகிறது. துணி கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது. நீ சொல்லாமல் வாங்க மாட்டேன். வந்து நீயே பார்.

உபகாரசாமி

⁂

கார்டு
சேலம், 15-2-1958

ஆரோக்கியத்துக்கு. போன கார்டு கிடைத்ததா? மிஷின் இன்னும் இருக்கிறது. இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் பெயர் அப்புசாமி. இந்த மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார். இழுக்கிற கோளாறைச் சரி செய்துவிட்டார். வெள்ளைத் துணியில் ஒரு சாண் தைத்துப் பார்த்தேன். அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கச் சொன்னால் நிற்கிறேன்.

உபகாரசாமி

⁂

கார்டு
சேலம், 17-3-1958

ஆரோக்கியத்துக்கு. அந்த மிஷினை நேற்று ஆத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணிக்கு மூட்டுவலி தேவலை. இங்கே மழை இல்லை.

மிஷின் இருந்த இடம் காலியாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உபகாரசாமி